மூடியின் இழை எந்தப் பக்கம்?

அன்புள்ள ஐயா,

வீட்டில் ஒரு சிறிய சி.என்.சி. ரவுட்டரை (கணினி சொல்கிறபடி மரத்தைக் குடையும் இயந்திரத்தை) வைத்து ஓய்வு நேரத்தில் மரவேலை செய்துவருகிறேன். மறைந்த என் தந்தையின் கடிதங்களை வைப்பதற்காக, ஒரே பலகையிலிருந்து 200 மி.மீ. சதுரப் பெட்டி ஒன்றையும் அதன் மூடியையும் குடைந்தெடுத்தேன். இடைவெளி 0.1 மி.மீ. மட்டுமே விட்டேன். செய்த அன்று மூடி கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், இரு பக்கம் இறுகிப்போய், மற்ற இரு பக்கம் இடைவெளி விட்டிருக்கிறது. இயந்திரம் நகரும் திசைகளில் ஒன்றான ஒய் அச்சின் அளவில்தான் பிழை என்று நினைக்கிறேன். அச்சை நகர்த்த பெல்ட்டுக்குப் பதிலாக பால் ஸ்க்ரூ (துல்லியமான திருகுத் தண்டு) உள்ள இயந்திரத்துக்கு மாறலாமா? விளிம்புகளும் கருகுகின்றன; நிமிடத்துக்கு 18,000 சுற்றில், 900 மி.மீ. நகரும் வேகத்தில், இரண்டு வெட்டுமுனை உள்ள பிட்டை (சுழன்று வெட்டும் அலகை) ஓட்டுகிறேன். நீண்ட வேலைகளை இரவில் ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன். தச்சரான என் மாமா, “இது உன் கைவேலை இல்லை” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? படம் இணைத்துள்ளேன்.

ச.

அன்புள்ள ச.,

பலகையைப் பார்க்காமலேயே மரவேலை செய்யும் பழக்கம் பெருகிவருவதைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கண்டிக்க வேண்டியதைக் கண்டித்துவிடுகிறேன். இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கப் போவதை இன்றோடு நிறுத்துங்கள். பிடிமானம் தளர்ந்தோ, கம்பி இழுபட்டோ ஓர் அச்சு நின்றுவிட்டால், பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் தன் வேகத்தில் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மரம் புகைந்து கனலாகும். தூசி உறிஞ்சி அந்தக் கனலை நுண்தூள் நிறைந்த தன் பைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். உங்கள் தந்தையின் கடிதங்களும் அதே வீட்டில்தான் இருக்கின்றன. முகமூடி அணிகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது, அணியுங்கள்.

கருகலுக்கு விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 900-ஐ 18,000-ஆலும் பிறகு இரண்டாலும் வகுத்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் கிடைப்பது 0.025 மி.மீ. சீவல்தான். அவ்வளவு மெல்லியதாக எடுக்கும்போது பிட் வெட்டாமல் உரசுகிறது; சீவலோடு வெளியேற வேண்டிய சூடு மரத்திலேயே தங்கிவிடுகிறது. சுற்றை 12,000-க்குக் குறைத்து, வேகத்தை 1,800-க்கு உயர்த்தி, ஆழத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், சீவல் 0.075 ஆகும். அப்போதும் கருகினால் பிட் மழுங்கிவிட்டது என்று பொருள்.

புதிய இயந்திரம் வேண்டாம். மூடி அன்று கச்சிதமாகப் பொருந்தியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெட்டி முடித்த மரத்தை, இரண்டு மாதம் கழித்து, ஓர் அச்சின் பிழை எப்படி மாற்றும்? கடிதத்தை எழுதும்போதே இந்தக் கேள்வி உங்களுக்கு எழுந்திருக்க வேண்டாமா? சந்தேகம் தீராவிட்டால் எம்.டி.எஃப். பலகையில் (மரநாரை அழுத்திச் செய்த, இழையில்லாத பலகையில்) 100 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டி, இரு திசையிலும் வெர்னியரால் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் இழை, அதாவது மரத்தின் நார்வரி, இடமிருந்து வலமாக ஓடுகிறது. மூடியின் இழை மேலிருந்து கீழாக ஓடுகிறது. பலகையை மிச்சப்படுத்துவதற்காக, துண்டுகளை அடுக்கித்தரும் மென்பொருள் மூடியைத் திருப்பி வைத்திருக்கிறது. நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு பொத்தானை அழுத்திவிட்டீர்கள். திரையில் மரம் ஒரே நிறமான ஒரு கட்டி. சதுரத்தை எப்படித் திருப்பினாலும் அதற்குச் சதுரம்தான்.

மரத்துக்கு அப்படியில்லை. ஈரம் ஏறி இறங்கும்போது, இழையின் நீளவாக்கில் அது கிட்டத்தட்ட அசைவதே இல்லை, குறுக்கே அசைகிறது. அதிலும், மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் அசைவு, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல ஏறத்தாழ இருமடங்கு. சாதாரணமாக அறுத்த கடின மரப் பலகையில் ஈரம் நான்கு விழுக்காடு கூடினால், 200 மி.மீ. அகலம் இரண்டு மி.மீ. அளவுக்கு விரியக்கூடும். உங்கள் பெட்டி ஒரு திசையில் விரிந்தது, மூடி அதற்குக் குறுக்கான திசையில் விரிந்தது. ஆகவே இரு பக்கம் இறுகியது, இரு பக்கம் விலகியது. நீங்கள் விட்டதோ 0.1 மி.மீ. இழைகள் ஒரே திசையில் இருந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே விரிந்து சேர்ந்தே சுருங்கியிருக்கும்.

இளவயதில் ஒரு முதிய தச்சரின் பட்டறையில் எடுபிடி வேலைகள் செய்திருக்கிறேன். புதிய பலகை வந்தால் அவர் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார். வளையங்கள் தெரியும் அறுத்த முனையான தலைமாட்டில் ஈரத்துணியால் ஒருமுறை துடைப்பார். வளையங்கள் கருத்துத் தெளியும். அவை எந்தப் பக்கம் வளைகின்றன, மரத்தின் நடுநெஞ்சு பலகைக்குள் வந்திருக்கிறதா, கணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு எனக்குக் காட்டுவார். காயும்போது அந்த வளையங்கள் நிமிர முயலும் என்றும், அதனால் பலகையின் பட்டைப் பக்கம் குழியும் என்றும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்து, அறுக்கப்போகும் ஒவ்வொரு துண்டிலும் இழையின் திசையில் ஓர் அம்பு போடுவார். தூக்கி எறியப்போகும் துண்டிலும் போடுவார். அம்பில்லாத கட்டையை நான் எடுத்து நீட்டினால் வாங்கவே மாட்டார். நான் மறுபடி அதன் தலையைத் துடைத்துப் பார்த்து, அம்பு போட்டுக் கொடுக்கும்வரை வேலை நிற்கும். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்று மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே என் கை பென்சிலைத் தேடுகிறது.

உங்கள் மென்பொருளில் துண்டுகளைத் திருப்புவதைத் தடுக்கும் வசதி இருந்தால், அதை நிரந்தரமாக இயக்கி வையுங்கள். இல்லையென்றால் துண்டுகளை நீங்களே கையால் அடுக்குங்கள்; பலகை கொஞ்சம் வீணாகட்டும். குடையும் வேலையையும் ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். கனமான கட்டையின் ஒரு முகத்தை மட்டும் குடையும்போது, உள்ளே பிடிபட்டிருந்த இறுக்கம் விடுபடுகிறது. உலராத உட்பகுதியும் திடீரென்று காற்றைப் பார்க்கிறது. சுற்றிலும் மூன்று மி.மீ. மிச்சம் வைத்து முதல் வெட்டை முடித்து, காற்று எல்லாப் பக்கமும் படும்படி நிறுத்தி ஓரிரு வாரம் விட்டுவிடுங்கள். அது வளைய வேண்டிய அளவு வளைந்து அடங்கிய பின், அடிப்பக்கத்தைச் சமன்செய்து, இறுதி வெட்டைக் கொடுங்கள். இந்த இரண்டு வாரத்தை எந்தப் பால் ஸ்க்ரூவும் மிச்சப்படுத்தித் தராது.

மாமாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துப்பாக்கிக் கட்டை போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை ஒரு மாதிரி உருவைத் தொட்டுத் தொடர்ந்து நகலெடுக்கும் கடைசல் இயந்திரத்துக்குத் தாமஸ் பிளாஞ்சர்டு 1819-இல் காப்புரிமை பெற்றார். துளையிட்ட நாடாவின் எண்களைப் படித்து இயங்கும் வெட்டு இயந்திரத்தை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 1952-இல் இயக்கிக் காட்டியது. கைவேலையா, இயந்திர வேலையா என்ற இந்த வழக்கு மிகப் பழையது. அதை நீங்கள் வாதாட வேண்டியதில்லை. ஆனால், பெட்டியை அவர் கையில் கொடுத்திருந்தால் மூடியின் இழை குறுக்கே ஓடுவதை ஒரு நொடியில் கண்டுபிடித்திருப்பார்.

இறுகிய மூடியை இப்போது தேய்க்காதீர்கள். காற்று உலரும்போது அந்தப் பக்கமும் தளர்ந்துவிடும். பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, குறிப்பாக உள்மூலைகளை உளியால் கூராக்கியிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதே பலகையின் மிச்சத்தில் இழையை ஒத்துவைத்து வேறொரு மூடி செய்யுங்கள். இடைவெளி அரை மி.மீ. இருக்கட்டும். வெட்டுவதற்கு முன் பலகையின் தலைமாட்டை மாமாவிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.