பட்டிமன்றமும் மேடைப்பேச்சும் யாருடைய மரபு?

‘பட்டிமன்றம், மேடைப்பேச்சு ஆகியவை தமிழரின் சொந்தப் பண்பாடா, வெள்ளையர் ஆட்சியில் வந்தவையா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் பதில் பிழைபட்டுவிடும்.

வாதம் நமக்குப் பழையது. மணிமேகலையின் விழாவறை காதையில், இந்திர விழாவுக்கு முரசறைகையில், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடுமாறு அழைக்கப்படுகிறார்கள். ஆனால் கற்றவர்கள் தமக்குள் வாதிடுவது வேறு. முன்பின் அறியாத பெருங்கூட்டத்தை நோக்கி ஒருவர் நின்று பேசுவது வேறு. இரண்டாவதற்கு நெருங்கிய முன்மாதிரி பாதிரிமாரின் பிரசங்கம்தான். மெதடிஸ்த கிறித்தவப் பாடசாலையில் பயின்று, அங்கேயே பணியாற்றிய ஆறுமுக நாவலர், அந்த வடிவத்தைச் சைவத்தைக் காக்கும் கருவியாக்கி, 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் பிரசங்கத்தைத் தொடங்கினார். கடன் வாங்கிய வடிவம் என்பதால் அது தமிழுக்கு அந்நியமாகிவிடவில்லை என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இம்மரபின் உச்சமாக நான் மதிப்பது 1943ஆம் ஆண்டை. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்ற தரப்பை எடுத்து அண்ணா பேச, அதை மறுத்துச் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையும் பின்னர் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் அவருடன் வாதிட்டார்கள். கம்பனை எதிர்த்தவர் கம்பனின் பாடல்களையே சான்றாக எடுத்துவைத்தார். காக்க வந்த பேரறிஞர்களோ இளைய எதிராளியை ஒதுக்கிவிடாமல் அதே மேடையில் நின்று விடையிறுத்தார்கள். தமிழர் யார், எந்த நூலைத் தம்முடையதென்று கொள்வது என்னும் வழக்கு அங்கே உண்மையாகவே நடந்தது. ‘தீ பரவட்டும்’ என்று அது நூலாகவும் வந்தது.

விடுதலைக்குப் பின் பட்டிமன்றம் கம்பன் விழாக்களிலிருந்து கோயில் திருவிழாக்களுக்கும், அங்கிருந்து பண்டிகை நாள் தொலைக்காட்சிக்கும் பரவியது. எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் நடுவருக்கு இருபுறமும் மும்மூவர் அமர்கிறார்கள், நேரம் முடிந்தால் மணி அடிக்கிறது, கூட்டம் நள்ளிரவு வரை கலையாமல் கேட்கிறது. இத்தனை பொறுமையுள்ள அவையினர் முன் வைக்கப்படும் தலைப்போ, இல்லறம் சிறப்பது கணவனாலா மனைவியாலா என்பது. தீர்ப்பும் இருவராலும் என்றே முடிகிறது. அதே ஊரில் தேரோடும் தெரு எது, முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்குகள் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கிடக்கின்றன. அவற்றை இரு தரப்பாரும் ஊரறிய வாதிடும் மேடை நம்மிடம் இன்று இல்லை.