உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கறப்போ திரும்பலாமா?

கேள்வி: நாலு வருஷமா ட்ரெக்கிங் போறேன் சார். போன மாசம் உச்சிக்கு அரை மணி நேரம்தான் பாக்கி, மேகம் கறுத்துச்சு, தூரத்துல இடி இடிச்சுது, லீடர் எல்லாரையும் கீழ இறக்கிட்டார். கீழ வந்து பாத்தா வெயில் அடிக்குது! இன்னும் மனசு ஆறல. ரிஸ்க்கே எடுக்கலன்னா அப்புறம் என்ன சாகசம்?

பதில்: உங்க வருத்தம் புரியுதுங்க, உச்சி கண்ணுக்குத் தெரிஞ்சிட்டே இருந்திருக்கும். ஆனா அப்புறம் வெயில் அடிச்சுதுங்கறதால லீடர் முடிவு தப்பாயிடாது. இடி காதுல விழுதுன்னாலே மின்னல் நம்மள எட்டுற தூரத்துல இருக்குன்னுதான் அர்த்தம், மழை பெய்யுற இடத்துல இருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட விழும், அந்த மொட்டை உச்சியில உயரமா நிக்கற பொருளே நீங்கதான்.

ஸ்வீடன்காரர் யோரான் க்ராப் தன் ஊர்ல இருந்து நேபாளம் வரைக்கும் சைக்கிள்லயே வந்து 1996ல எவரெஸ்ட் ஏறினார். மே 3ஆம் தேதி உச்சிக்கு சுமார் 100 மீட்டர்தான் பாக்கி, நேரமாயிடுச்சு, இருட்டுல இறங்கணுமேன்னு திரும்பிட்டார். அவ்ளோ தூரம் சைக்கிள் மிதிச்சு வந்த மனுஷனுக்கு அந்த 100 மீட்டர் எப்படி வலிச்சிருக்கும்! ஒரு வாரம் கழிச்சு, மே 10ஆம் தேதி, மத்தியானம் ரெண்டு மணி தாண்டியும் பல பேர் மேல ஏறிட்டே இருந்தாங்க, புயல் வந்து 8 பேர் இறந்தாங்க. க்ராப் மே 23ஆம் தேதி மறுபடி ஏறி, ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமயே உச்சியைத் தொட்டார்.

ரிஸ்க்குன்னா நடக்க எவ்ளோ சான்ஸ் இருக்குன்னு மட்டும் பாக்கறோம், நடந்தா என்ன ஆகும்னு பாக்கறதில்ல. வழுக்குற பாறை அதே பாறைதான், கீழ புல்லு இருந்தா முட்டி சிராய்க்கும், கீழ பள்ளத்தாக்கு இருந்தா ஆளே இல்ல. முதல் வகையில தாராளமா ரிஸ்க் எடுங்க, விழுந்து எழுந்துதான் கால் பழகும்.

நானும் ஒரு தடவை மாட்டியிருக்கேன். காலையில கணுக்கால் அளவு இருந்த ஓடை, மேல எங்கயோ பெஞ்ச மழையில சாயங்காலம் இடுப்பு வரைக்கும் ஏறி செம்மண் கலர்ல ஓடுது, தண்ணிக்கு அடியில கல்லு உருண்டு ஒண்ணோட ஒண்ணு மோதுற சத்தம் கடகடன்னு கேக்குது, அந்தச் சத்தம் கேட்டா இறங்கவே கூடாது, நான் இறங்கினேன். கரை ஏறிட்டேன். ரொம்ப வருஷம் அதைத் தைரியம்னு சொல்லிட்டிருந்தேன், வெறும் அதிர்ஷ்டம்ங்க அது. தப்பு பண்ணியும் பொழச்சு வந்துட்டா, அடுத்த தடவை அதே தப்பு பழக்கமாயிடும், இதுதான் எனக்கு இன்னும் பயமா இருக்கு.

அதனால எத்தனை மணிக்குத் திரும்பணும், என்ன பாத்தா திரும்பணும்னு கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி கூட வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. மேல போனப்புறம் உடம்பு களைச்சிருக்கும், ஆசை மட்டும் களைக்காது, அப்ப எடுக்கற முடிவு ஆசையோட முடிவுதான்.

அப்புறம் ஒண்ணு, அந்த லீடருக்கு ஒரு போன் போடுங்க. அன்னைக்கு அவர் எதைப் பாத்து திரும்பச் சொன்னார்னு கேளுங்க, காத்து எந்தப் பக்கம் மாறுச்சு, மேகம் எவ்ளோ வேகமா வந்துச்சுன்னு சொல்வார், அதெல்லாம் உங்க கண்ணுல அன்னைக்கு பட்டிருக்காது.