ஏ.பி.யில் 5 வாங்கினால் கல்லூரியில் பயாலஜி வேண்டாமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஏ.பி. என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம். மகள் ஏ.பி. பயாலஜி, ஏ.பி. கெமிஸ்ட்ரி இரண்டின் தேர்விலும் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருக்கிறாள். சேரப்போகும் கல்லூரி இரண்டுக்கும் கிரெடிட் தருகிறது, அதாவது அங்கேயே படித்து முடித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவளுக்கு டாக்டராக ஆசை. முதலாண்டு அறிவியல் பாடங்களைத் தாண்டிவிட்டால் ஒரு வருடம் மிச்சம் என்கிறார், நாங்கள் பணம் கட்டி வைத்திருக்கும் ஆலோசகர். அப்படியே செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நம் ஊரில் பிளஸ் டூ முடித்ததும் நேரே எம்.பி.பி.எஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் முதலில் நான்கு வருடப் பட்டம், அப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. ஆகவே உங்கள் மகளின் ஏ.பி. கிரெடிட்டை இரண்டு இடங்களில் எடை போடுவார்கள். அவள் சேரும் கல்லூரி ஏற்றுக்கொண்டது, நல்லது. பட்டம் முடித்து மருத்துவக் கல்லூரியில் போய் நிற்கும்போது அவர்களும் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் பயாலஜி, பொது கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாவற்றையும் லேப்போடு கேட்கும். ஏ.பி. விஷயத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம். ஒரு கல்லூரி அப்படியே எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, அதே துறையில் மேல்நிலைப் பாடம் படித்திருந்தால் சரி என்னும். வேறொன்று வேண்டவே வேண்டாம் என்னும். எல்லோரும் உட்கார்ந்து ஒரே விதியாக எழுதிவைத்தால் பெற்றோருக்கு எத்தனை தூக்கம் மிச்சமாகும்! அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

பயாலஜிக்கு நான் சொல்வது இது. முதலாண்டுப் பாடத்தைத் தாண்டட்டும், ஆனால் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. ஜெனடிக்ஸ், செல் பயாலஜி, பிசியாலஜி போன்ற மேல்நிலைப் பாடங்களில் இரண்டு செமஸ்டராவது லேப்போடு எடுக்கட்டும். கெமிஸ்ட்ரியில் நான் இன்னும் கறார். பதினொன்றாம் வகுப்பில் படித்ததை வைத்துக்கொண்டு நேரே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்து முதல் தேர்விலேயே திணறிய கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பொது கெமிஸ்ட்ரியை மறுபடி படித்து ஏ வாங்கினால், அந்த ஏ அவளுடைய அறிவியல் ஜி.பி.ஏ.வில், அதாவது கல்லூரி அறிவியல் பாடங்களின் சராசரி மதிப்பெண்ணில், ஏறும். ஏ.பி.யில் வாங்கிய 5 அதில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது. உங்கள் ஆலோசகர் இதைச் சொன்னாரா?

அவர் சொல்லும் 'ஒரு வருடம் மிச்சம்' கணக்கையும் பார்த்துவிடுவோம். மருத்துவக் கல்லூரிக்கு, சேர்வதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மூன்றே வருடத்தில் பட்டம் என்றால் இரண்டாம் ஆண்டு முடியும்போதே விண்ணப்பம். அதற்குள் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வில் ஆர்கானிக், பயோகெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் எல்லாம் வரும். நடுவில் ஆஸ்பத்திரி அனுபவமும் வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணை ஏன் இந்த ஓட்டம் ஓட வைக்க வேண்டும்?

எந்தக் கல்லூரி ஏ.பி.யை ஏற்கிறது என்பதை, ஏ.ஏ.எம்.சி. என்ற மருத்துவக் கல்லூரிகள் சங்கமே எம்.எஸ்.ஏ.ஆர். என்ற பெயரில் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது. அதன் வருடச் சந்தா, குடும்பத்தோடு ஒரு வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கிவிடும். அதையே வாசித்துச் சொல்ல ஆயிரக்கணக்கில் டாலர் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் கேட்கிறேன், உங்கள் மகளுக்கு வாசிக்கத் தெரியாதா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் என்னும் உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில் ஏதாவது பாடம் எடுத்தாளா? அது ஏ.பி. மாதிரி கிடையாது, அசல் கல்லூரிப் பாடம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகும் ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பத்தில் அதைக் காட்டியே ஆக வேண்டும். அந்தக் காலேஜின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, தனியாக அனுப்ப வேண்டும். மதிப்பெண் ஜி.பி.ஏ.வில் சேரும். இப்போது சேரும் கல்லூரி அந்தக் கிரெடிட்டை ஏற்காவிட்டாலும் சேரும். பதினாறு வயதில் கோடை விடுமுறையில் விளையாட்டாக எடுத்து சி வாங்கிய பாடம், இருபத்தோரு வயதில் விண்ணப்பத்தில் வந்து நின்ற பையனை எனக்குத் தெரியும். 'அது ஸ்கூல் சமாச்சாரம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது' என்று மறைக்கச் சொல்லும் புண்ணியவான்களும் உண்டு. அவர்கள் பக்கமே போகாதீர்கள். மறைத்தது தெரிந்தால் அந்த சி-யைவிடப் பெரிய வம்பு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கல்லூரி ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், ஏ.பி. கிரெடிட் டிரான்ஸ்கிரிப்டில் எப்படிப் பதிவாகும் என்று கேளுங்கள். பாடத்தின் பெயரும் அதற்கான கிரெடிட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். மொத்தமாக 'ஏ.பி. 16 கிரெடிட்' என்று ஒரு வரி போட்டால் பிற்பாடு பயன்படாது. கெமிஸ்ட்ரியை மறுபடி படிப்பதாக இருந்தால் அதன் ஏ.பி. கிரெடிட்டையும் சேர்த்துக் காட்ட முடியாது, இரண்டில் ஒன்றுதான். முதல் செமஸ்டருக்குப் பாடம் பதிவு செய்யும் முன்பே இதை முடிவு செய்யுங்கள். ரெஜிஸ்ட்ராரின் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.