பின்னணிக் குரல் இல்லாத பழைய நகர ஆவணப்படங்கள்: சும்மா கேமராவை வைத்து எடுத்ததா?

அறுபது, எழுபதுகளின் நகர ஆவணப்படங்கள் சிலவற்றில் விளக்கக் குரலே இல்லையே, சும்மா கேமராவை வைத்துவிட்டுப் போனார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அறுபதுகளுக்கு முன்னால் கருவிகள் கனம், தெருப்பேச்சை அங்கேயே பதிவது பெரும்பாடு, அதனால் படத்தை எடுத்துவிட்டு ஸ்டுடியோவில் குரல் சேர்த்தார்கள். நம் தியேட்டர்களில் ஓடிய பிலிம்ஸ் டிவிஷன் (மத்திய அரசின் அன்றைய ஆவணப்பட நிறுவனம்) படங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். 1960ஐ ஒட்டித் தோளில் வைக்கும் 16 எம்எம் கேமராவும், அதோடு ஒத்து ஓடும் நாக்ரா டேப் ரெக்கார்டரும் வந்தன, இரண்டு பேர் போதும், தெருப்பேச்சை அங்கேயே பதியலாம் என்றாயிற்று. ஆனால் 400 அடி பிலிம் ரோல் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும், எப்போது பொத்தானை அழுத்துவது என்பதுதான் வித்தையே.

பொறுமையும் வேண்டும். பாலக்காட்டில் எங்கள் சந்தையை நான் போனில் எடுத்தபோது (ரோல் கவலை இல்லாத காலம்!) முதல் நாள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒரு சுமைதூக்கும் அண்ணன் "இன்னும் முடியலையா தம்பி" என்று கேட்டுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். அப்புறம்தான் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிகிற வாழைக்காய்ப் பேரம் கிடைத்தது. அதன்மேல் விளக்கக் குரலை ஏற்றினால் பேரம் கேட்காது.