பரிசு என்று எழுதி வந்த சைக்கிள்

கேள்வி: வெளிநாட்டில் ஒருவர் இரண்டு வருடம் ஓட்டிய ரோடு சைக்கிளை ஆன்லைனில் பார்த்து 1000க்கு வாங்கினேன். அனுப்பும் செலவு 150, காப்பீடு 10 தனி. விற்றவர் எனக்கு உதவுவதாக நினைத்து, பார்சல் படிவத்தில் 'பரிசு, மதிப்பு 100' என்று எழுதிவிட்டார். இப்போது சுங்கத்துறை சைக்கிளை நிறுத்திவைத்து, 'அறிவித்த மதிப்பு நம்பும்படி இல்லை. இதே மாடல் புதிதாக 2600க்கு விற்கிறது. 10 நாளில் ஆவணங்களுடன் விளக்கம் தரவும்' என்று நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. 'பரிசுதான் என்று சாதித்துவிடு' என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்வது?

பதில்: முதலில், நண்பர்கள் சொன்னதைச் செய்யாதீர்கள். பரிசு என்றால் சட்டத்தின் பார்வையில் பணம் கைமாறாமல் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்புவது. பரிசுக்குச் சலுகை தரும் நாடுகளிலும் அது சின்னத் தொகைக்குத்தான். நீங்கள் பணம் அனுப்பியதற்கு வங்கிப் பதிவு இருக்கிறது, விற்பனை விளம்பரம் இருக்கிறது, பேரம் பேசிய மெசேஜ்கள் இருக்கின்றன. போதாததற்குக் காப்பீடு வேறு எடுத்திருக்கிறீர்கள். 1000க்குக் காப்பீடு செய்துவிட்டுப் பொருளின் மதிப்பு 100 என்றால், அந்தச் சீட்டே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். 100க்குத்தான் காப்பீடு என்றால் அது இன்னும் மோசம்: வழியில் ஃபிரேம் உடைந்திருந்தால் கைக்கு வருவது 100தான்.

'எழுதியது அவர்தானே, நானில்லையே' என்று கேட்பீர்கள். படிவத்தை நிரப்பியது அவர்தான். ஆனால் இறக்குமதி செய்பவர் நீங்கள். வரி கட்ட வேண்டியவரும் தவறான தகவலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் பெரும்பாலும் நீங்களே. அவருக்கு இதில் பெரும்பாலும் நஷ்டம் இருக்காது.

உங்களிடம் நேராகவே ஒன்று கேட்கிறேன். அப்படி எழுதச் சொன்னது நீங்களா? இல்லை என்றால், அதைக் காட்டும் மெசேஜ்களையும் சேர்த்து உண்மையை உடனே எழுதிக் கொடுங்கள். ஆமாம் என்றால், ஒரு வரிகூட எழுதும் முன்பு உங்கள் நாட்டுச் சுங்கச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். தெரியாமல் நேர்ந்த பிழைக்கும் வேண்டுமென்றே சொன்ன பொய்க்கும் தண்டனையில் பெரிய வித்தியாசம் உண்டு. அபராதம், பொருள் பறிமுதல், சில இடங்களில் குற்ற வழக்கு வரைக்கும் போகும்.

சரி, உண்மையைச் சொல்லிவிட்டால் 2600க்கு வரி கட்ட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாம் 1994ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை. அதன் முதல் விதி, பொருளுக்கு உண்மையில் கொடுத்த விலையே வரிக்கு அடிப்படை என்பது. பழைய பொருளைப் பேரம் பேசிக் குறைவாக வாங்கினால் அந்தக் குறைந்த விலைதான் கணக்கு. அறிவித்த விலையைச் சந்தேகிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு, ஆவணம் கேட்கவும் உரிமை உண்டு. ஆவணத்தைப் பார்த்த பிறகும் நியாயமான சந்தேகம் மிஞ்சினால்தான் வேறு வழியில் மதிப்பிடலாம். அப்போதும் வரிசைப்படி போக வேண்டும்: முதலில் அதே போன்ற பொருள் என்ன விலைக்கு இறக்குமதியானது என்று பார்ப்பார்கள், அடுத்து ஒத்த பொருள், அப்புறம் மற்ற முறைகள். 'அதே போன்ற' என்றால் தரம் உட்பட எல்லா வகையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். செயின் தேய்ந்து பெயின்ட் கீறிய சைக்கிளும் பெட்டி பிரிக்காத சைக்கிளும் ஒன்றல்ல. கடைசி முறையில்கூட, ஏற்றுமதி நாட்டின் உள்ளூர்க் கடை விலையை வைத்தோ மனம்போன மதிப்பை வைத்தோ கணக்கிடக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 7ஆம் பிரிவு வெளிப்படையாகவே தடுக்கிறது.

ஆகவே பதில் கடிதத்தைச் சுருக்கமாக வையுங்கள். ஏறக்குறைய இப்படி: 'படிவத்தில் உள்ள விவரம் தவறு. இது பரிசு அல்ல. நான் விலைக்கு வாங்கிய பழைய சைக்கிள். கொடுத்த விலை 1000, அனுப்பும் செலவு 150, காப்பீடு 10. வங்கிப் பதிவு, விற்பனை விளம்பரம், உரையாடல், சைக்கிளின் தேய்மானம் தெரியும் படங்கள் இணைக்கப்பட்டுள்ளன. இந்த விலையை ஏற்காவிட்டால், மதிப்பு எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதை எழுத்தில் தரக் கோருகிறேன்.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் விளக்கம் பெறும் உரிமை அந்த ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் போனால் உங்கள் கையில் இருக்கும் முதல் காகிதம் அதுதான்.

பில்லைப் பார்த்து நீங்கள் அதிர்ந்துபோகக் கூடாது என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண சைக்கிளுக்குச் சுங்கவரி 14%. அங்கே எல்லை வரைக்குமான அனுப்பும் செலவும் காப்பீடும் மதிப்பில் சேரும். முழுச் செலவும் சேர்கிறது என்று வைத்தால் 1160க்கு வரி 162.40. மதிப்புக் கூட்டு வரி, சுங்கவரியையும் சேர்த்த 1322.40 மீது விழும். 20% என்றால் 264.48. மொத்தம் 426.88. வரிக்கு மேல் வரியா என்று எரிச்சல் வரும், ஆனால் பல நாடுகளில் நடைமுறை இதுதான். அமெரிக்காவில் சர்வதேச அனுப்பும் செலவும் காப்பீடும் சுங்க மதிப்பில் சேராது. உங்கள் நாட்டு விகிதத்தைச் சுங்கத்துறையின் வரி அட்டவணையில் 8712 என்ற தலைப்பில் பாருங்கள். மோட்டார் வைத்த மின் சைக்கிள் 8711இல் வரும். அதற்கு விகிதமும் விதிகளும் வேறு.

இன்னொரு பொறி, சைக்கிள் பிறந்த நாடு. பார்சல் எங்கிருந்து வந்தது என்பது வேறு, சைக்கிள் எங்கே தயாரானது என்பது வேறு. சீனத் தயாரிப்புச் சைக்கிள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி (நியாயமற்ற குறைந்த விலையில் வெளிநாட்டுப் பொருள் வந்து குவிவதைத் தடுக்கும் கூடுதல் வரி) போடுகிறது. பிற்பாடு அது 48.5% வரை உயர்ந்தது. சீனச் சைக்கிள்கள் வேறு நாடுகள் வழியாகச் சுற்றி வருவதைத் தடுக்க, 2013இல் இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனிசியா ஆகியவற்றிலிருந்து வரும் சைக்கிள்களுக்கும் அதை நீட்டித்தார்கள். பிராண்டின் பெயர் ஐரோப்பியப் பெயராக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள்.

அடுத்த தடவை ஃபிரேமைத் தனியாக, சக்கரத்தைத் தனியாக வரவழைத்தால் வரி குறையுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கழற்றி வந்தாலும், சில பாகங்கள் குறைந்தாலும், முழுப் பொருளின் முக்கியத் தன்மை இருந்தால் அது முழுச் சைக்கிள்தான் என்று, எந்தப் பொருள் எந்த வரித் தலைப்பில் வரும் எனத் தீர்மானிக்கும் வகைப்பாட்டு விதியே சொல்கிறது. பார்சலைப் பிரித்து அனுப்பும் தந்திரம் உங்கள் பெயரைத்தான் கெடுக்கும்.

கூரியர் நிறுவனம் 'கிளியரன்ஸ் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை கேட்கும். அது வரி அல்ல, அவர்களுடைய கூலி. வரி எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்; சுங்க அறிவிப்பின் நகலையும் வரி ரசீதையும் வாங்கி வையுங்கள். முழு வரியையும் கட்டிவிட்டேன் என்று விற்றவர் எப்போதாவது சொல்லியிருந்தால், அந்த மெசேஜையும் தேடி எடுங்கள்.

மதிப்பு விவகாரம் இழுத்தடித்தால், சர்ச்சைக்குரிய வரிக்கு ஈடாக உத்தரவாதத் தொகை கட்டிச் சைக்கிளை வெளியே எடுக்க அதே சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தம் வழிசெய்கிறது. எழுத்தில் கேளுங்கள். கிடங்கில் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். கெடு தாண்டினால் ஏலத்துக்கும் போகலாம். உங்களுக்குக் கொடுத்திருப்பது 10 நாள். விளக்கக் கடிதத்தை இன்றைக்கே அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையையும் வாங்கிவிடுங்கள்.