போக்கரில் ஸ்டேக் (பந்தய அளவு) ஏற்றும்போது பேங்க்ரோலை (ஆட்டத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை) எப்படிக் கையாள்வது?

கேள்வி: தர்மபுரியில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு வார இறுதி நண்பர்களோடு கோவா போய் 50–100 மேசையில் ஹோல்டெம் (போக்கரின் ஒரு வகை) ஆடுகிறேன். ஒரு வருடமாக லாபம்தான். இதற்கென்றே 4 லட்சம் சேர்ந்திருக்கிறது. 100–200 மேசைக்கு மாறலாமா?

பதில்:

முழுதாக மாற வேண்டாம். கொஞ்சம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்து மேலே ஆடிப் பார்க்கலாம். நான் கிருஷ்ணகிரிக்காரன், உங்களைப் போலவே சம்பளம் வாங்கிக்கொண்டு ஓய்வு நாட்களில் ஆடுகிறவன். அதனால் முழுநேர ஆட்டக்காரர்களின் விதிகளை அப்படியே உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

50–100 மேசை என்றால், ஒவ்வொரு ஹேண்டிலும், அதாவது ஒவ்வொரு சுற்றிலும், சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக 50, 100 ரூபாய் வைக்கிற மேசை. இதில் பெரியதுதான் பிக் பிளைண்ட். 100 பிக் பிளைண்டை ஒரு பை-இன், அதாவது மேசையில் உட்காரும்போது கொண்டுபோகும் பணம், என்று எடுத்துக்கொள்வோம். 50–100 மேசையில் ஒரு பை-இன் 10,000 ரூபாய், ஆகவே உங்களிடம் 40 பை-இன் இருக்கிறது. 100–200 மேசைக்குப் போன நிமிடமே அதே 4 லட்சம் 20 பை-இன் ஆகிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், மேலே ஆட்டம் கடினமாவதால் உங்கள் வெற்றி விகிதமும் அதே நேரத்தில் குறைகிறது. இரண்டும் சேர்ந்து குறையும்போது ஆபத்து இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதோடு நிற்பதில்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கீழ் மேசையில் நீங்கள் 100 ஹேண்டுக்குச் சராசரி 5 பிக் பிளைண்ட் ஜெயிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 100 ஹேண்டுக்கு 90 பிக் பிளைண்ட். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஹோல்டெமுக்கு இது சாதாரணமான அளவு. 40 பை-இன் வைத்துக்கொண்டு அங்கேயே ஆடிக்கொண்டிருந்தால் என்றாவது ஒருநாள் மொத்தமும் காலியாகும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. மேல் மேசையில் விகிதம் பாதியாகி 2.5 ஆகிறது, கைமுதல் 20 பை-இன் ஆகிறது. இப்போது அதே வாய்ப்பு சுமார் 29 சதவீதம். பணமும் அதேதான், ஆடும் ஆளும் அதே ஆள்தான். இந்தக் கணக்கை நான் பார்க்கிற எல்லா நண்பர்களிடமும் சொல்வேன், ஏனென்றால் இதைப் பார்க்காமல் மேலே போன நல்ல ஆட்டக்காரர்கள் நிறைய.

எங்கள் பக்கம் மாந்தோப்பு குத்தகை எடுப்பவர்களுக்கு இது புரியும். கைமுதல் முழுவதையும் போட்டு, பழக்கமில்லாத பெரிய தோப்பை எடுத்தவருக்கு ஒரே ஒரு வருடம் பூ உதிர்ந்தால் போதும், அடுத்த வருடம் சின்னத் தோப்பு எடுக்கக்கூடப் பணம் இருக்காது.

அடுத்தது, "ஒரு வருடமாக லாபம்" என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நேரடி மேசையில் மணிக்கு 25 முதல் 30 ஹேண்ட்தான் நடக்கும். வார இறுதிக்கு 20 மணி நேரம் உட்கார்ந்தாலும் வருடத்துக்குச் சுமார் 6,500 ஹேண்ட். அவ்வளவு குறைந்த ஹேண்டில், மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தில், உங்கள் சராசரி உண்மையான அளவிலிருந்து 11 பிக் பிளைண்ட் கூடவோ குறையவோ காட்டுவது மிகச் சாதாரணம். உங்கள் நோட்டில் 100 ஹேண்டுக்கு 5 என்று இருந்தால், உண்மையில் அது 16 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 6 ஆகவும் இருக்கலாம். நீங்கள் மோசமாக ஆடுகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருட லாபத்தை மட்டும் சாட்சியாக வைத்து 29 சதவீத ஆபத்துக்குள் காலை வைக்காதீர்கள் என்கிறேன்.

கிறிஸ் ஃபெர்குசனின் 5 சதவீத விதியை யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2000-ல் உலகப் போக்கர் தொடரின் (WSOP) முதன்மைப் போட்டியை வென்றவர் அவர். பிறகு கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் தொடங்கி 10,000 டாலர் வரை கொண்டுபோய்க் காட்டினார். மொத்த முதலில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவர் விதி. உங்கள் 4 லட்சத்தில் 5 சதவீதம் சரியாக 20,000. அப்படியானால் போகலாமே என்று தோன்றும். ஆனால் அவருடைய விதி வேலை செய்ததற்குக் காரணம், முதல் குறைந்தவுடனே அவர் கீழே இறங்கியது. ஆன்லைனில் சில சென்ட் மேசை வரைக்கும் இறங்க இடம் இருந்தது. உங்களுக்கு 50–100க்குக் கீழே மேசையே கிடைக்காமல் போகலாம். இறங்கப் படி குறைவாக இருக்கிறவர் கூடுதல் முதல் வைத்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? 4 லட்சத்திலிருந்து 60,000 ரூபாயை, அதாவது மேல் மேசையின் 3 பை-இன்னை, தனியாக எடுங்கள். அதை மட்டும் 100–200 மேசையில் ஆடுங்கள். போய்விட்டால் அன்றைக்கே 50–100க்குத் திரும்பிவிடுங்கள். அப்போதும் உங்களிடம் 34 பை-இன் இருக்கும், முதலுக்கு மோசமில்லை. திரும்பவும் 4 லட்சம் சேர்ந்த பிறகு இன்னொரு முறை முயலலாம். 6 லட்சம் ஆனதும், அதாவது மேல் மேசைக்கு 30 பை-இன் ஆனதும், அதை உங்கள் வழக்கமான மேசையாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே வந்தால் இறங்க வேண்டும். இந்த எண்ணை ஊரிலிருந்து பஸ் ஏறும் முன்பே எழுதி, கூட வரும் நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். இரவு 2 மணிக்கு, ஏஸ் ஜோடி வைத்தும் தோற்ற பிறகு எடுக்கிற முடிவு யாருக்கும் சரியாக வராது.

இந்த 4 லட்சம் எந்தப் பணம் என்பதையும் பாருங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு இதற்கு வெளியே இருக்க வேண்டும். நகைக்கடன், சீட்டு எடுத்த பணம், வட்டிக்கு வாங்கியது எதுவும் பேங்க்ரோல் ஆகாது. அப்புறம் வரி. சீட்டாட்டத்தில் ஜெயித்ததற்கு 30 சதவீத வருமான வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. பயணச் செலவையோ தோற்ற பணத்தையோ அதில் கழிக்க முடியாது. ஆகவே இதில் ஒரு பங்கு உங்கள் பணமே இல்லை. ஆடிட்டரைப் பார்த்து அதைப் பிரித்த பிறகு மிச்சம் எவ்வளவோ அதை வைத்து மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

கோவா தூரம் என்று சிலர் வேறு வழி காட்டுவார்கள். ஆகஸ்ட் 2025-ல் வந்த மத்திய சட்டப்படி பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவது இந்தியா முழுக்கத் தடை. ஏஜென்ட் மூலம் நடக்கும் கிளப் ஆப்பில் பணம் போட்டால், அவர் போனை எடுக்காத நாளில் நீங்கள் எங்கும் புகார் சொல்லிப் பணத்தை மீட்க முடியாது. ஓசூர் லாட்ஜ் அறையில் நடக்கும் ஆட்டமும் வேண்டாம், வழக்கு வந்தால் வேலைக்கே ஆபத்து.

கடைசியாக ஒன்று, அங்கே போய் உட்காரும் முன் பத்து நிமிடம் நின்று பாருங்கள். 100–200 என்று எழுதியிருக்கும் மேசையில் ஹேண்டுக்கு ஹேண்ட் யாராவது 400 ஸ்ட்ராடில் (சீட்டு பார்க்கும் முன்பே விருப்பப்பட்டு வைக்கும் கூடுதல் பந்தயம்) போட்டுக்கொண்டிருந்தால், அது உண்மையில் 200–400 ஆட்டம். உங்கள் 20 பை-இன் அங்கே 10 ஆகிவிடும். அந்த மேசையை விட்டுவிட்டு அன்றைக்கு 50–100லேயே உட்காருங்கள்.