ஒரு பக்கம் மட்டும் சைனஸா? மேல் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள்

வாசகி ஒருவரின் கேள்வி: எனக்கு வயது 46. எட்டு மாதமாக வலது மூக்கில் மட்டும் அடைப்பு, மஞ்சள் சளி, எனக்கே சகிக்காத நாற்றம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குறைகிறது. நிறுத்திய இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது. சி.டி. ஸ்கேனில் வலது கன்னத்து சைனஸ் முழுக்கச் சளி என்று வந்திருக்கிறது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். நான்கு வருடம் முன்பு அதே பக்கம் மேல் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் செய்து கேப் போட்டேன். அதில் வலியே இல்லை. பல் டாக்டரும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பல் நன்றாக இருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: ஆபரேஷன் தேவைப்படலாம். ஆனால் அந்தப் பல்லைக் கோன் பீம் சி.டி. (பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்கள் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் பல் மீதுதான் சந்தேகம் வரும்: ஒரே பக்கம், அழுகல் நாற்றம், மருந்தை நிறுத்தியதும் திரும்பி வருவது. அலர்ஜியால் வரும் சைனஸ் தொந்தரவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும், நாற்றமும் இருக்காது.

கன்னத்து எலும்புக்குள் இருக்கும் சைனஸின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப்பற்களின் வேர்கள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் எலும்பு சிலருக்கு முட்டை ஓடு அளவுக்குத்தான் இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லாமல் வேர்நுனிக்கும் சைனஸுக்கும் இடையில் மெல்லிய சவ்வு மட்டுமே இருக்கும். இந்த நெருக்கம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்து மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் 1651லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

‘வலி இல்லையே’ என்று கேட்கிறீர்கள். பலரையும் ஏமாற்றுவது இதுதான். ரூட் கேனால் செய்த பல்லுக்குள் நரம்பு கிடையாது, அதனால் கூச்சமும் தெரியாது, வலியும் தெரியாது. வேர்நுனியில் சேரும் சீழ் எலும்புக்குள் அடைபட்டு அழுத்தினால்தான் விண்விண் என்று தெறிக்கும், கன்னம் வீங்கும். உங்களைப் போன்றவர்களுக்கு அது மேல்நோக்கி சைனஸுக்குள் வடிந்துவிடுகிறது. வெளியேற வழி கிடைத்துவிட்டதால் பல் சத்தமில்லாமல் இருக்கிறது, அவதி மூக்குக்கு.

ஆன்டிபயாடிக் ஏன் நிரந்தரமாகக் குணப்படுத்துவதில்லை? மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது. செத்த பல்லின் வேர்க்குழாய்க்குள் ரத்த ஓட்டமே இல்லை. சைனஸில் இருக்கும் கிருமிகள் அடங்கும், பல்லுக்குள் இருப்பவை அப்படியே இருந்து திரும்பத் திரும்ப மேலே கிருமியை அனுப்பும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் வாய்க் கிருமிகள் இவை. நாற்றத்துக்கும் அவைதான் காரணம்.

சாதாரண பல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. மேல்தாடையில் கன்ன எலும்பு, சைனஸின் தரை, மூன்று வேர்கள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். கோன் பீம் சி.டி. ஒவ்வொரு வேரையும் தனித்தனியாகக் காட்டும். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் குறிப்பாக ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். கன்னப் பக்கம் முன்னால் இருக்கும் வேரில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு குழாய்கள் உண்டு. இரண்டாவது மிகவும் மெல்லியது. முதல் ரூட் கேனாலில் அது தவறவிடப்படுவது உலகம் முழுக்க நடப்பதுதான்.

இப்போது கையில் இருக்கும் சி.டி.யையும் தூக்கிப் போடாதீர்கள். சைனஸுக்காக எடுத்த ஸ்கேனில் பற்களைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட இல்லாமல் போவது சகஜம். வேர்நுனியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் தெரிகிறதா, அதற்கு மேல் சைனஸின் தரை உடைந்திருக்கிறதா என்று இதே ஸ்கேனைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம்.

பல்தான் காரணம் என்று உறுதியானால், வேர் சிகிச்சையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவரிடம் போங்கள். மைக்ராஸ்கோப் வைத்து மறுபடி ரூட் கேனால் செய்து பல்லைக் காப்பாற்ற முடியுமா என்று அவர் சொல்வார். வேர் விரிசல் விட்டிருந்தால் பிடுங்குவதுதான் வழி. பல்லைச் சரிசெய்ததிலேயே சைனஸும் அடங்கிவிடுபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், அதனால் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம். அடைப்பும் சீழும் கடுமையாக இருந்தால் எண்டோஸ்கோபி ஆபரேஷனை முதலிலோ கூடவோ செய்வது நல்லது. எது முதலில் என்பதை இ.என்.டி. டாக்டரும் பல் டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி முடிவு செய்யட்டும். தயங்காமல் இதைக் கேளுங்கள், நோயாளிக்கு அந்த உரிமை உண்டு. பல்லை விட்டுவிட்டு சைனஸை மட்டும் சுத்தம் செய்தால் நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

பல்லைப் பிடுங்க நேர்ந்தால், குழிக்கும் சைனஸுக்கும் இடையில் ஓட்டை விழலாம். இரண்டு வாரமாவது மூக்கை வேகமாகச் சிந்தாதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குடித்த தண்ணீர் மூக்கில் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சின்ன ஓட்டை தானாக மூடும், பெரியதைத் தையல் போட்டு மூட வேண்டும். அந்த இடத்தில் இம்பிளான்ட் வைக்கும் பேச்சை சைனஸ் முழுதாக ஆறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: சாதாரண ஜலதோஷத்தில் சைனஸ் வீங்கினாலும் மேல்வரிசைப் பற்கள் நாலைந்து சேர்ந்து வலிக்கும், குனிந்தால் கூடும். அதை நம்பி நல்ல பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள்.

மூக்குக்குள் எண்டோஸ்கோபி செய்துகொண்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யாவிட்டால் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். பூஞ்சைக் கட்டி, மூக்குக் கட்டி, அபூர்வமாகப் புற்றுநோய் எல்லாம் இதேபோல் ஒரு பக்கமாகத்தான் தொடங்கும். ரத்தம் கலந்த சளி வந்தாலோ கன்னம் மரத்துப்போனாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

அதுவரை, கொதிக்க வைத்து ஆறிய நீரில் தயாரித்த உப்புக் கரைசலால் மூக்கைக் கழுவலாம், சற்று இதமாக இருக்கும். ஆவி பிடிப்பதும் அப்படித்தான், காரணத்தைத் தொடாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிவது, கடும் தலைவலியோடு காய்ச்சல் வந்தால் பல் டாக்டரையும் ஸ்கேனையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை நோய் இருந்து மூக்கில் கறுப்புப் பொருக்கு தெரிந்தாலும் அப்படியே. 2021ல் கரும்பூஞ்சை என்று பயந்தோமே, அந்தத் தொற்றுக்கு மணிக்கணக்கு முக்கியம்.